மருந்தே நோயான மனை

திருக்குறளில் கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரம். மருந்து 95ஆம் அதிகாரம். இரண்டுக்கும் இடையே சூது நிற்கிறது. கள்ளை வெறுப்பதும் மருந்தை மதிப்பதும் நம்மவர்க்குப் பழகிப்போன இருவேறு எண்ணங்கள். ஆனால், மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டின்படி மருந்துக் கடையில் முறையாக வாங்கிய மாத்திரையே கள்ளின் வேலையைச் செய்யத் தொடங்குமாயின், வீட்டிலுள்ளோர் அதனை என்ன பெயரிட்டு அழைப்பது? குடிகாரனைக் கண்டிக்க ஊரே திரளும். நோயாளியைக் கண்டிக்க யாருக்கு மனம் வரும்? இந்தத் தடுமாற்றத்தில் ஆண்டுக்கணக்கில் அகப்பட்டுத் தவித்த கணவர் இருவரை அமெரிக்க வரலாற்றில் காண்கிறோம். ஒருவர் நாடக மேடையை ஆண்டவர். மற்றவர் நாட்டையே ஆண்டவர்.

அபினியின் சாரமாகிய மார்பியா 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் பிரித்தெடுக்கப்பட்டது. அந்நூற்றாண்டின் நடுவில் ஊசி வழியே மருந்தேற்றும் முறை வந்ததும், வலி என்று வந்தவர்க்கெல்லாம் மருத்துவர்கள் அதனைத் தாராளமாக வழங்கினர். 1888 அக்டோபர் 16ஆம் நாள் நியூயார்க் நகரத்து விடுதியொன்றில் எல்லா ஓநீல் என்னும் பெண்மணி மூன்றாம் மகனைப் பெற்றெடுத்தார். மகப்பேற்றுக்குப் பின் வந்த நோவுக்கு மார்பியா கொடுக்கப்பட்டது. நோவு நீங்கியது, மார்பியா நீங்கவில்லை. கணவர் ஜேம்ஸ் ஓநீல் அந்நாளில் புகழ்பெற்ற நடிகர். ஊர் ஊராக நாடகக் குழுவோடு அலைந்த அவர், மனைவியின் நிலையை வெளியே கசியவிடாமல் மூடி மறைத்தார். இளைய மகனுக்கே பதினைந்து வயதளவில்தான் உண்மை தெரிந்தது. 1914இல் கன்னிமாடம் ஒன்றில் தங்கி எல்லா அப்பழக்கத்தை விட்டொழித்தார். கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட மௌனம் அது.

அந்த இளைய மகன்தான் 1936இல் நோபல் பரிசு பெற்ற நாடகாசிரியர் யூஜின் ஓநீல். தம் வீட்டு மௌனத்தை 1939 முதல் 1941 வரை நாடகமாக எழுதினார். அது அவர் மறைந்தபின் 1956இல்தான் வெளிவந்தது. மாடியில் தாய் நடக்கும் காலடியோசையைக் கீழேயிருந்து செவிமடுத்து, இன்று அவள் நிலை எப்படியோ என்று அஞ்சும் ஆண்கள் அதில் வருகின்றனர். இத்தகைய வீட்டில் வாழ்ந்தவர்க்கு அந்தச் செவிமடுத்தலை விளக்க வேண்டியதில்லை.

ஏறத்தாழ அதே காட்சி 1970களில் மற்றொரு வீட்டில் நிகழ்ந்தது. அது முன்னாள் அதிபர் ஜெரால்ட் ஃபோர்டின் வீடு. அவர் மனைவி பெட்டி ஃபோர்டு அம்மையார் இளமையில் மார்த்தா கிரகாமிடம் நடனம் பயின்றவர். 1948இல் திருமணம் நடந்த சில வாரங்களிலேயே கணவர் நாடாளுமன்ற உறுப்பினரானார். மக்கள் நால்வர். கணவரோ கட்சிப் பணி, கூட்டம், பயணம் என்று ஆண்டின் பெரும்பகுதி வெளியூரிலேயே கழித்தார். 1964இல் சமையலறைச் சன்னலைத் திறக்க எட்டியபோது அம்மையாரின் கழுத்து நரம்பு பிசகிப் பெருவலி கண்டது. மருத்துவர்கள் வலி தணிக்கும் மாத்திரை எழுதினர். வலி மீண்டால் மீண்டும் மாத்திரை; உறக்கமில்லையென்றால் அதற்கொன்று; மன அமைதிக்கு வேறொன்று. மாலையில் சிறிது மதுவும் சேர்ந்தது. ஒவ்வொன்றும் தனித்தனியே நோக்கினால் குற்றமற்றதாகவே தோன்றியது. கணவர் எதை எடுத்து எறிவார்?

1974இல் மார்பகப் புற்றுநோய் கண்டு அறுவை நடந்ததை நாடறியச் சொல்லி, எண்ணற்ற பெண்களை மருத்துவச் சோதனைக்கு அனுப்பிய துணிச்சல் மிக்கவர் இந்த அம்மையார். அதே அம்மையாரால் மாத்திரைப் பெட்டியைப் பற்றி வாய் திறக்க இயலவில்லை. புற்றுநோயில் பிறர் குறை காண்பதில்லை, இதிலோ காண்பர். அவர் கணவரும் வாய் திறக்கவில்லை. மனைவி தாமதமாக வந்தால் சாக்குச் சொன்னார். வர இயலாதபோது உடல்நலமில்லை என்றார். அன்பினால் செய்ததே எனினும், அந்தச் சாக்குகள் நோய்க்கு அரணாக நின்றன. வல்லரசின் தலைமைப் பொறுப்பை ஏற்ற ஒருவர் தம் வீட்டில் இவ்வாறு தடுமாறியதில் வியப்பில்லை. பதவி இதற்குப் பயிற்சி தருவதில்லையே!

1977 ஜனவரியில் பதவி முடிந்து, இருவரும் கலிபோர்னியாவில் குடியேறினர். அவ்வாண்டு மாஸ்கோவில் நடந்த பாலே நடன நிகழ்ச்சியைத் தொலைக்காட்சிக்கு விளக்கியுரைத்த அம்மையாரின் நாக்குத் தடுமாறியதைச் செய்தித்தாள்களே சுட்டின. மறைப்பதற்கு இனி எதுவும் மிஞ்சவில்லை.

முதலில் துணிந்தவர் இருபது வயது மகள் சூசன். 1978 மார்ச் இறுதியில் மருத்துவர் ஒருவரை அழைத்துவந்து தாயிடம் பேசினார். தாய் சினந்து விரட்டினார். அடியோடு வீழ்ந்தால்தான் அடிமை திருந்துவான் என்று பலரும் நம்பிய காலம் அது. வெர்னன் ஜான்சன் என்னும் பாதிரியார் 1973இல் வெளியிட்ட நூலில் அதனை மறுத்திருந்தார். குடும்பத்தார் ஒன்றுகூடி, வசை மொழியின்றி, தாம் கண்ணால் கண்ட நிகழ்ச்சிகளை மட்டும் ஒவ்வொருவராக முகத்துக்கு நேரே எடுத்துரைத்தால் வீழ்ச்சிக்கு முன்பே மீட்கலாம் என்பது அவர் காட்டிய வழி. கடற்படை மருத்துவர் ஜோசப் பர்ஷ் துணைநிற்க, 1978 ஏப்ரல் முதல் நாள் ஃபோர்டு குடும்பம் அவ்வழியைக் கைக்கொண்டது.

கணவர் தம் பணிகளை ஒதுக்கிவிட்டு வந்தார். மக்களும் மூத்த மருமகளும் வந்தனர். நண்பர்களை வீட்டுக்கு அழைக்குமுன் தாய் எந்நிலையில் இருக்கிறார் என்று எட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததை ஜாக் சொன்னார். ஒருநாள் தாம் சமைத்து வைத்த உணவைத் தாய் உண்ணாமலே போனதை ஸ்டீவன் சொன்னார். பிறக்கப்போகும் பேரக்குழந்தைகள் பாட்டியை அறிய வேண்டுமென்றார் மருமகள். நடனமாடிய தாயின் கால்கள் தடுமாறுவதைக் கண்டு தாம் வருந்தியதைச் சூசன் உரைத்தார். மனைவி தளர்ந்து வருவதைக் கணவர் சொன்னார். அம்மையார் அழுதார், சினந்தார், பின் இசைந்தார். ஏப்ரல் 8இல் தம் அறுபதாம் பிறந்த நாளைக் கொண்டாடியபின் லாங் பீச் கடற்படை மருத்துவமனையில் சேர்ந்தார். முன்னாள் அதிபரின் மனைவிக்குத் தனியறை கிடைக்கவில்லை. வேறு பெண்களோடு ஓர் அறையில் தங்க வேண்டும் என்றார்கள். முதலில் மறுத்தவர் பிறகு ஏற்றார்.

மாத்திரைகளை ஒப்புக்கொண்டவருக்கு மதுவை ஒப்புக்கொள்வது கடினமாயிருந்தது. அதனை வெளியிட்டால் கணவருக்கு இழுக்கு என்றார். கணவரின் பின்னே ஒளிந்துகொள்கிறீர்கள், அவரையே கேளுங்கள் என்று மருத்துவர் கடிந்தார். அருகிலிருந்த ஃபோர்டு மனைவியின் கையைப் பற்றி, தமக்கு அதனால் இழுக்கில்லை என்றார். சில நாட்களில் அச்செய்தியும் நாடறிய வெளிவந்தது. பதினான்கு ஆண்டுகள் சாக்குச் சொன்ன வாய் அன்று சொன்ன அந்தச் சிறு விடையை அவருடைய அரசியல் உரைகள் பலவற்றினும் மேலாகவே மதிக்கத் தோன்றுகிறது.

மனைவி மட்டும் நலம் பெற்றால் போதாது, உடன் வாழ்பவரும் தம் பங்கைக் கற்க வேண்டும் என்பது அன்று புதிய கருத்தன்று. குடிநோயாளிகளின் துணைவர்க்கென 1951இலேயே அல்-அனான் என்னும் அமைப்பு தோன்றியிருந்தது. நோயை நாம் உண்டாக்கவில்லை, நம்மால் அடக்கவும் இயலாது, நம் நடத்தையை மட்டுமே திருத்தலாம் என்பது அங்கே கற்பிக்கப்படும் பாடம். ஃபோர்டும் மதுவை அடியோடு நிறுத்தினார். வீட்டில் ஒருவர் கையில் கிண்ணமிருக்க மற்றவர் விலகியிருப்பது எளிதன்று என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

1982இல் அம்மையார், அண்டை வீட்டாரான லெனர்ட் ஃபயர்ஸ்டோனுடன் சேர்ந்து தம் பெயரிலேயே ஒரு மறுவாழ்வு மையத்தைத் தொடங்கினார். பெண்கள் தம் நோயை மறைத்தே வாழ நேர்வதை அறிந்தவராதலால், படுக்கைகளில் பாதியைப் பெண்களுக்கென ஒதுக்கச் செய்தார். நோயாளியின் கணவர், மனைவி, மக்கள் ஆகியோருக்கும் அங்கே தனியே பயிற்சி அளிக்கப்பட்டது.

1996இல் ஆக்ஸிகாண்டின் என்னும் வலுமிக்க வலி மாத்திரை அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அடிமைப்படுத்தும் ஆபத்து குறைவென்று பொய்யாக விற்றமைக்கு அதனை விற்ற நிறுவனம் 2007இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் மருத்துவர் சீட்டோடு வந்த மாத்திரையை எண்ணிப் பார்த்து ஒளித்துவைக்கும் கணவரும் மனைவியரும் சிற்றூர்தோறும் பெருகிவிட்டனர்.

ஜெரால்ட் ஃபோர்டு 2006 டிசம்பர் 26இல் காலமானார். அம்மையார் 2011 ஜூலை 8இல் மறைந்தார். இருவரும் மிச்சிகன் மாநிலத்து கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் ஒன்றாக அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அம்மையார் தொடங்கிய மையம் 2014இல் ஹேசல்டன் என்னும் பழைய மறுவாழ்வு நிறுவனத்துடன் இணைந்தது.