பாவ்லோவின் பயந்தாங்கொள்ளி நாய்கள்

போன ஞாயிற்றுக்கிழமை கருப்பனை நாய்ப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். உள்ளே விட்டதும், வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டான். அங்கே ஒரு லேப்ரடார் எல்லார் மேலேயும் தாவி ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தது. அதை வளர்ப்பவர் சிரித்துக்கொண்டே, "உங்க நாய் சரியான பயந்தாங்கொள்ளி போல" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

ஒரு பார்வையில் நாயின் குணத்தைச் சொல்லிவிட முடியுமா? சுமார் நூறு வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வியில் சறுக்கிய ஒரு பெரிய மனுஷரின் கதைதான் இன்றைய எபிசோட்.

அவர் பெயர் இவான் பாவ்லோவ். சத்தம் கேட்டதும் சாப்பாடு வருதுன்னு நாய்க்கு எச்சில் ஊறும் என்று ஸ்கூல்ல படிச்சோமே, அவரேதான். 1904-ல் நோபல் பரிசு வாங்கிய ரஷ்ய விஞ்ஞானி.

அவருடைய ஆய்வகத்தில் நாயைத் தனி அறையில், வாரால் கட்டி நிறுத்திச் சோதிப்பார்கள். நிறைய நாய்கள் அப்படியே தூங்கி விழுந்தன. சரி, துறுதுறுன்னு இருக்கிற நாய்களாப் பார்த்து எடுப்போம் என்று முடிவு செய்தார்கள். என்ன ஆச்சு தெரியுமா? அந்தத் துறுதுறு நாய்கள்தான் சீக்கிரமே தூங்கின! வெளியே எல்லாரையும் மோப்பம் பிடித்துத் தாவிய நாயால், புதுசா எதுவுமே நடக்காத அறையில் விழித்திருக்க முடியவில்லை.

நாம் வாதம், பித்தம், கபம் என்று மூன்று சொல்வோம் இல்லையா? பழைய கிரேக்க மருத்துவத்தில் மனுஷ சுபாவத்தை நான்காகப் பிரித்திருந்தார்கள். பாவ்லோவ் அதை நாய்களுக்குப் பொருத்தினார்: முன்கோபி, உற்சாகி, நிதானி, சீக்கிரம் சோர்ந்துபோகும் பலவீனன். பயப்படுகிற நாய் என்றால் கடைசி வகை, அவ்வளவுதான்.

1924 செப்டம்பர் 23. லெனின்கிராட் நகரில் பெருவெள்ளம். நாய்க் கொட்டடிக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. கூண்டுக் கதவுகள் தாழ்வானவை. அதனால் நீந்திக்கொண்டிருந்த நாய்களின் தலையைத் தண்ணீருக்குள் அழுத்தித்தான் வெளியே இழுக்க முடிந்தது. உயிர் பிழைத்த நாய்களில் சில ஒன்றுமே நடக்காததுபோல் பழையபடி இருந்தன. சில நாய்கள் கற்றுக்கொண்டதையெல்லாம் இழந்தன. பிறகு ஒருநாள், கதவுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீரை ஓடவிட்டுப் பார்த்தார்கள். தேறியிருந்த நாய் மறுபடியும் நிலைகுலைந்துபோனது. அறிவியலுக்கு அந்த நாய்கள் கொடுத்த விலையை நினைத்தால் எனக்கு இன்னும் கஷ்டமாத்தான் இருக்கு.

1930-களில் இன்னொரு சோதனை. ஒரே ஈற்றுக் குட்டிகளை இரண்டாகப் பிரித்தார்கள். பாதியைச் சுதந்திரமாக விட்டார்கள், பாதியைக் கூண்டில் அடைத்து வளர்த்தார்கள். கூண்டுக் குட்டிகள் வளர்ந்த பிறகும் எதைப் பார்த்தாலும் பதுங்கின. பயத்தில் பம்மிய நாய்களிலேயே சில, பாடம் கற்பதில் கெட்டியாகவும் இருந்தன. ஆக, பயம் வேறு, பலவீனம் வேறு. வளர்ந்த விதமும் சுபாவம் மாதிரியே வெளியே தெரியும். பாவ்லோவ் தன் பழைய முடிவை மாற்றிக்கொண்டார். அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது.

இதைப் படிச்சப்போ எனக்கு எங்க வீட்டு பால்கனிதான் ஞாபகம் வந்தது. குட்டியா இருந்தப்போ கருப்பன் பல மாசம் வெளியுலகமே பார்க்கவில்லை. "ஆபீஸ் வேலை, நேரமில்லை" என்று அவனை அந்த பால்கனியில் அடைத்து வைத்தது நான்தான். பெஞ்சுக்கு அடியில் உட்கார்ந்திருந்தது அவன் பிறவிக் குணம் மட்டும் இல்லை, என் சோம்பேறித்தனமும்தான்.

அதனால் இந்த வாரம் கூட்டம் சேர்வதற்கு முன்னால், காலையில் ஆறு மணிக்கே போகப்போறோம். ஒரே ஒரு நிதானமான நாய் இருந்தால் போதும். அவனாக வெளியே வரட்டும். நான் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்கிறேன்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.