சதுக்கத்துப் பூங்காவும் ஆண்டுக் கட்டணமும்

அடுக்குமாடி வீடுகளில் குடியிருப்போருக்கு ஆண்டுதோறும் வந்து சேரும் பராமரிப்புக் கட்டணச் சீட்டைப் போல் மனக்கசப்பை விளைவிக்கும் காகிதம் வேறொன்று இருத்தல் அரிது. விலை கொடுத்து வாங்கிய வீட்டுக்கு மேலும் எதற்காகப் பணம் என்பதே பலருடைய கேள்வி. நான் வசிக்கும் கட்டடத்திலும் இக்கேள்வி எழாத ஆண்டு இல்லை. நெடுங்காலம் சரித்திரம் கற்பித்தவன் ஆதலால், எனக்கு இக்கட்டணத்தின் வமிசாவளியை ஆராயத் தோன்றிற்று. அதன் முக்கியமான வேர் ஒன்று இலண்டன் மாநகரத்து லெஸ்டர் சதுக்கத்தில் இருக்கிறது.

நாற்புறமும் வீடுகள், நடுவே ஒரு பூங்கா, பூங்காவைச் சுற்றி இரும்பு வேலி. அந்நாளைய இலண்டன் சதுக்கங்களின் அமைப்பு இதுவே. 1808 ஆம் ஆண்டில் டல்க் என்பவர் இப்பூங்காவை எல்ம்ஸ் என்பவருக்கு விற்றார். சுற்றியிருந்த வீடுகள் சில டல்க்கிடமே இருந்தமையால், கிரயப் பத்திரத்தில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தார். வாங்குபவர் பூங்காவையும் வேலியையும் செம்மையாகப் பேணவேண்டும். அங்கே கட்டடம் எதுவும் எழுப்பலாகாது. பத்திரத்தில் சாவிக்குக்கூட ஒரு வாசகம் உண்டு. சதுக்கத்தில் வாழும் டல்க்கின் குடிகள் நியாயமான ஒரு தொகையைச் செலுத்தி, தம் செலவில் சாவி செய்துகொண்டு, பூங்காவில் உலவலாம். அந்த நியாயமான தொகையைத்தான் இன்று நாம் வேறு பெயரால் அழைத்துச் சலித்துக்கொள்கிறோம்!

பூங்கா கைமாறிக் கைமாறி மாக்ஸே என்பவரிடம் வந்தது. நிபந்தனையை அறிந்தே வாங்கிய அவர், 'வாக்களித்தவர் எல்ம்ஸ். நானல்லேன்' என்ற நியாயத்தின்மேல் அங்கே கட்டடம் கட்ட முனைந்தார். டல்க் வழக்குத் தொடுத்தார். 1848 டிசம்பரில் லார்டு சான்சலர் காட்டன்ஹாம் பிரபு தீர்ப்பளித்தார். நிபந்தனை உள்ளதால் குறைந்த விலைக்கு வாங்கியவர், அதனை உதறிவிட்டு மறுநாளே கூடிய விலைக்கு விற்க இடங்கொடுப்பது அநீதி என்பது அவர் கருத்து. அறிந்து வாங்கியவர் நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவரே என்று கூறித் தடையுத்தரவு நிலைபெறச் செய்தார். இத்தீர்ப்பின் கொள்கை கடல் கடந்து, 1882 ஆம் ஆண்டின் நம் சொத்து மாற்றச் சட்டத்தின் 40 ஆம் பிரிவிலும் இடம்பெற்றுள்ளது.

இவ்வளவில் பூங்கா பிழைத்தது என்று எண்ணுவோம். பிழைக்கவில்லை. கட்டாதே என்று தடுக்க நீதிமன்றத்தால் முடிந்தது. களை பிடுங்கு, வேலிக்கு வர்ணம் பூசு என்று அடுத்தடுத்து வந்த உரிமையாளர்களை ஏவுவதற்கு வழியில்லை. 1851 இல் ஜேம்ஸ் வைல்டு என்ற தேசப்படக்காரர் அங்கே மாபெரும் பூகோள உருண்டை ஒன்றைத் தற்காலிகமாக அமைத்தார். மக்கள் அதனுள்ளே ஏறி நின்று, உட்புறத்தில் அமைந்த கண்டங்களையும் கடல்களையும் கண்டனர். பூகோளம் கற்பிக்க அதனினும் நல்ல சாதனம் எந்தப் பள்ளிக்கு வாய்த்திருக்கும்! 1862 இல் அது அகற்றப்பட்டபின் அவ்விடம் குப்பைமேடாயிற்று. முதலாம் ஜார்ஜ் மன்னர் சிலையின் குதிரைக்கு 1866 இல் யாரோ குறும்பர்கள் வெள்ளையடித்துக் கரும்புள்ளி குத்தினார்கள். இறுதியில் ஆல்பர்ட் கிராண்ட் என்ற செல்வர் அந்நிலத்தை வாங்கிச் சீர்ப்படுத்தி, 1874 இல் நகர மக்களுக்கு அளித்தார். ஒவ்வொரு பூங்காவுக்கும் ஒரு செல்வர் கிடைப்பாரா?

செலவு செய்யும் கடமை நிலத்தோடு அடுத்தவருக்குச் செல்லாது என்பதை 1885 இல் ஓல்டாம் நகரத்துச் சாலை வழக்கு ஒன்று உறுதிசெய்தது. 1994 இலும் ஒரு கூரை வழக்கில் பிரபுக்கள் சபை அதனையே வழிமொழிந்தது. முழு உரிமையாக விற்றால் பராமரிப்புப் பணம் செலுத்தும் கடமையைப் பின்வருவோர்மேல் சுமத்த இயலாது. குத்தகையாக விட்டால் இயலும். இங்கிலாந்தில் அடுக்குமாடி வீடுகள் பெரும்பாலும் நீண்டகாலக் குத்தகையில் அளிக்கப்பட்டு வந்தமைக்கு இது ஒரு தலையாய காரணம்.

இக்குத்தகை முறைக்கும் ஒரு சோதனை வந்தது. ஹென்றியெட்டா பார்னெட் அம்மையார் 1907 இல் கட்டத் தொடங்கிய ஹாம்ஸ்டெட் தோட்டப் புறநகரில், மதிற்சுவருக்குப் பதிலாகச் செடிவேலிகளே வீடுகளைப் பிரித்தன. குத்தகைதாரர் தம் வீட்டை முழு உரிமையாக வாங்கலாம் என்று 1967 இல் சட்டம் பிறந்தபோது, அவ்வேலிகளுக்கும் மரங்களுக்கும் இனி யார் காவல் என்ற கவலை எழுந்தது. அச்சட்டத்தின் 19 ஆம் பிரிவு அதற்கு ஒரு வாயில் வைத்திருந்தது. 1974 இல் உயர்நீதிமன்றம் ஒப்பிய நிர்வாகத் திட்டத்தின்படி, வீட்டை முழுதும் வாங்கியவரும் அறக்கட்டளைக்கு ஆண்டுக் கட்டணம் செலுத்துகிறார். வீட்டின் வெளித்தோற்றத்தை மாற்றவும் அதன் இசைவைப் பெறுகிறார்.

நம் மாநிலத்திலோ, கட்டட உரிமையை விற்கும்போதே நிலத்தில் பிரிக்கப்படாத பங்கையும் சேர்த்து எழுதும் வழக்கம் வேரூன்றியது. அப்பங்கின் விகிதத்திலேயே பொதுச் செலவைச் சுமத்தும் ஏற்பாட்டை 1994 ஆம் ஆண்டின் அடுக்குமாடி உரிமைச் சட்டம் செய்தது. அதன் இடத்தில் 2022 இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது.