வீட்டுச் சாடியும் தோட்டக் கடையும்

மதுவிலக்கைப் பற்றிப் பேசும் நம் மேடைகள் பெரும்பாலும் கள்ளுக்கடையின் வாசலிலேயே நின்றுவிடுகின்றன. கடை தோன்றுமுன் மது எங்கே இருந்தது என்று வினவுவோர் சிலரே. அது வீட்டில் இருந்தது. அந்த வரலாற்றை அறிந்தாலன்றி, கடையால் நம்மவர்க்கு விளைந்த கேட்டின் அளவு விளங்காது.

கடியலூர் உருத்திரங்கண்ணனார், தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பு ஒன்றைக் காட்டுகின்றார். உ. வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டை அச்சேற்றியதால் அக்காட்சி நமக்கும் கிட்டியது. அவ்வலைஞர் குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற பிழாவில் ஆற வைக்கின்றனர். நெல்முளையை இடித்து அதனோடு கலக்கின்றனர். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, சாடியில் முற்ற விளைந்ததை வெந்நீர் சேர்த்து, விரலால் அலைத்துப் பிழிகின்றனர்.

இஃது ஏறக்குறைய மேனாட்டார் பீர் செய்யும் முறையே என்றால் வாசகர் வியப்படையலாம். அவர்கள் நெல்லுக்கு மாறாக வாற்கோதுமையை முளைக்க வைத்து, உலர்த்தி, உடைத்து, சுமார் 65 பாகை வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவிடுகின்றனர். முளையிற் பிறக்கும் நொதிப்பொருள் மாவைச் சர்க்கரையாக்குகிறது. அந்நீரை ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவுடன் கொதிக்க வைத்து, ஆற்றி, ஈஸ்ட் இடுகின்றனர். ஈஸ்ட் சர்க்கரையை உண்டு சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் விடுகிறது. ஒன்றிரண்டு வாரத்தில் பீர் விளைந்துவிடும். கற்றுக்குட்டி முதலில் பயில வேண்டுவது பாத்திரத் தூய்மை. வேற்றுக் கிருமி புகுந்தால் பானம் கெடும் என்பதைப் பாஸ்தர் 1876-இல் நூலெழுதி விளக்கினார்; கோபன்ஹேகனில் ஹான்சன் என்பார் 1883-இல் தூய ஈஸ்டைத் தனியே பிரித்தெடுத்தார். இங்கிலாந்தில் வீட்டில் பீர் செய்வதற்கு இருந்த உரிமக் கட்டாயம் 1963-இல் நீங்கியது. மலேசியாவிலோ 1976-ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி உரிமமின்றி மது செய்தல் குற்றம். ஆதலின் யாம் இதனை அறிவுக்காகவே எழுதுகிறோம், அடுப்பு மூட்டுதற்கன்று.

இனி மலாயாவுக்கு வருவோம். ரப்பர்த் தோட்டத்து லயத்தில் குடியேறிய தமிழனுக்குச் சொந்த நெல் இல்லை, சொந்தத் தென்னை இல்லை, சாடி வைக்க உரிமையும் இல்லை. தென்னம்பாளையிலிருந்து இறங்கும் பதநீர் சில மணி நேரத்தில் தானே பொங்கிக் கள்ளாகும். மேலும் நாட்பட்டால் காடியாகும். இவ்வளவு எளிய பொருளைத் தொழிலாளி காசு கொடுத்தே வாங்க வேண்டியிருந்தது. கடையோ அவன் லயத்துக்கு அருகிலேயே இருந்தது. கையிற் கொடுத்த கூலி கடை வழியே திரும்பிச் சென்றது. வீட்டுச் சாடிக்கு ஓர் அளவு உண்டு. அரிசி தீர்ந்தால் மதுவும் தீரும். கடைக்கு அத்தகைய அளவு ஏது?

“கூலிகள் குடித்தே கெட்டனர்” என்று துரைமார் கூறினர். நம் கிராணிமாரிலும் பலர் அதையே கூறினர். அக்கூற்றுக்குக் கிள்ளான் விடையளித்தது. 1941-இல் அவ்வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் அவர்களுக்குத் துணை நின்றார். சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி, பிள்ளைகட்குக் கல்வி, பெண்களுக்குத் தொல்லையின்மை, துரைமார் முன்னும் கிராணிமார் முன்னும் மிதிவண்டியிலிருந்து இறங்கும் இழிவு ஒழிதல் ஆகியவற்றோடு, கள்ளுக்கடைகளை மூடுதல் வேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கையாயிற்று. கூலியையும் மானத்தையும் கேட்ட அதே மூச்சில் மதுவிலக்கையும் அவர்கள் கேட்டனர். மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை பிறந்தது, படை வந்தது, தொழிலாளர் ஐவர் உயிர் நீத்தனர்.

கடை தேய்ந்த காலத்தும் துன்பம் தேயவில்லை. கள்ளின் இடத்தைச் சம்சு பிடித்தது. நொதித்த பானம் வேறு, காய்ச்சி வடித்த சாராயம் வேறு. போலிச் சரக்கில் கலக்கும் மெத்தனால் இவ்விரண்டினும் கொடியது. அது கண்ணைக் குருடாக்கும், உயிரையும் குடிக்கும். 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நச்சு மதுவால் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பலர் பிற நாடுகளிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர்; அன்று நம் முன்னோர் நின்ற இடத்தில் இன்று நிற்பவர்.

பிரிக்பீல்ட்ஸ் நகரத்தாரும் தோட்டத்தாரும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். குடிப்பவனைப் பழித்தல் எளிது. அவனுக்கு யார் விற்றார், எவ்விடத்து விற்றார், எவர் பை நிறைந்தது என்று கேட்டல் அரிது. கிள்ளான் தொழிலாளர் அந்த அரிய கேள்வியை 1941-இலேயே கேட்டுவிட்டனர். அதனை மறவாதிருத்தலே நம் கடன்.