ஜெனெட் ராங்கின்: இரு உலகப் போர்களும் ஓர் உறுப்பினரின் வாக்குப் பதிவும்

ஜெனெட் ராங்கின் (1880 - 1973) ஐக்கிய அமெரிக்காவின் நாடாளுமன்றமான காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் ஆவார். மொன்டானா மாநிலத்திலிருந்து 1916, 1940 ஆகிய ஆண்டுகளில் இருமுறை பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வானார். ஒவ்வொரு முறையும் ஒரு பதவிக் காலம், அதாவது இரண்டு ஆண்டுகள் மட்டுமே சபையில் இருந்தார். அந்தக் குறுகிய காலங்களிலேயே அமெரிக்கா இரு உலகப் போர்களிலும் இறங்கியது. அவ்விரு முடிவுகளையும் எதிர்த்து வாக்களித்த ஒரே உறுப்பினர் இவர்.

இதனால் இவர் "போரை எப்போதும் எதிர்த்தவர்" என்று சுருக்கமாக அறிமுகப்படுத்தப்படுகிறார். சபைப் பதிவேட்டில் உள்ள இவருடைய வாக்குகளை வரிசையாகப் பார்த்தால் அந்தச் சுருக்கம் போதாது என்பது விளங்கும். இவர் போர்த் தீர்மானங்களுக்கு "இல்லை" என்றும், "ஆம்" என்றும், எந்தப் பக்கமும் சேராமலும் பதில் அளித்திருக்கிறார்.

வாக்குப் பதிவு என்றால் என்ன?

நாடாளுமன்றத்தில் ஒரு தீர்மானத்தைக் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேற்றிவிடலாம். அப்படிச் செய்தால் யார் எந்தப் பக்கம் நின்றார் என்பது பதிவாகாது. வந்திருக்கும் உறுப்பினர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் கேட்டால், ஒவ்வொருவர் வாக்கையும் பெயருடன் பதிவு செய்ய வேண்டும் என்று அமெரிக்க அரசியலமைப்பு கூறுகிறது. ராங்கின் காலத்தில் மின்னணு வாக்குப்பொறி இல்லை. எழுத்தர் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார். உறுப்பினர் "ஆம்", "இல்லை" அல்லது "இருக்கிறேன்" என்று பதில் சொல்ல வேண்டும். முதல் சுற்றில் பதில் சொல்லாதவர்களின் பெயர்கள் மறுபடியும் அழைக்கப்படும். மேடையில் பேசிய பேச்சுக்கு நூறு விளக்கம் சொல்லலாம். பெயருடன் பதிவான வாக்கை மாற்ற முடியாது. தாம் தேர்ந்தெடுத்தவர் சொன்னபடி நடந்தாரா என்று வாக்காளர் சரிபார்க்க இதுவே உறுதியான சான்று.

இளமைக் காலமும் முதல் தேர்தலும்

ராங்கின் 1880 ஜூன் 11 அன்று மொன்டானாவில் மிசூலா நகருக்கு அருகே பிறந்தார். அப்போது மொன்டானா ஒரு மாநிலமாக ஆகியிருக்கவில்லை. தந்தை பண்ணையும் கட்டட வேலையும் நடத்தியவர். தாய் ஆசிரியராக இருந்தவர். ராங்கின் 1902இல் மொன்டானா பல்கலைக்கழகத்தில் உயிரியலில் பட்டம் பெற்றார். பின்னர் நியூயார்க்கில் சமூகப் பணிக்கான பயிற்சி பெற்று, பெண்களுக்கு வாக்குரிமை கோரிய இயக்கத்தில் சேர்ந்தார். 1910இல் வாஷிங்டன் மாநிலத்திலும், 1914இல் மொன்டானாவிலும் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். இரு போராட்டங்களிலும் இவர் உழைத்தார்.

அமெரிக்கப் பெண்களில் பெரும்பாலோர் வாக்களிக்க முடியாத நிலையில் ஒரு பெண் நாடாளுமன்றத்துக்கு எப்படிப் போக முடிந்தது என்ற கேள்வி மாணவர்களுக்கு எழலாம். அன்று வாக்குரிமையை மாநிலங்களே தீர்மானித்தன. மேற்கு மாநிலங்கள் சில முந்திக்கொண்டன. மேலும், மொன்டானாவின் இரண்டு இடங்களுக்கும் தனித்தனித் தொகுதி இல்லை. மாநிலம் முழுவதும் ஒரே தொகுதியாக இருந்தது. வாக்குரிமை இயக்கத்துக்காக ஊர் ஊராகச் சுற்றிய அனுபவம் ராங்கினுக்குக் கைகொடுத்தது. தேர்தல் வேலைகளைத் தம்பி வெலிங்டன் ராங்கின் கவனித்துக்கொண்டார். 1916 நவம்பரில், 36ஆம் வயதில், குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்று இரண்டாம் இடம் பெற்று ராங்கின் வெற்றியடைந்தார்.

1917 ஏப்ரல்: முதல் "இல்லை"

1917 பிப்ரவரியில் ஜெர்மனி தன் நீர்மூழ்கிக் கப்பல் தாக்குதலை மறுபடியும் கட்டுப்பாடின்றித் தொடங்கியது. ஏப்ரல் 2 அன்று ராங்கின் உறுப்பினராகப் பதவியேற்றார். அன்று மாலையே குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன், ஜெர்மனி மீது போர் அறிவிக்கும்படி காங்கிரசைக் கேட்டுக்கொண்டார். செனட் சபை ஏப்ரல் 4 அன்று 82க்கு 6 என்ற கணக்கில் இசைந்தது. பிரதிநிதிகள் சபையில் விவாதம் இரவெல்லாம் நீண்டு, ஏப்ரல் 6 விடியலுக்கு முன் வாக்கெடுப்பு நடந்தது.

ராங்கினுக்கு இரு பக்கத்திலும் நெருக்கடி இருந்தது. பெண்கள் வாக்குரிமை இயக்கத்தின் பெருந்தலைவரான கேரி சாப்மன் கேட் போன்றோர், போருக்கு எதிராக வாக்களித்தால் "பெண்கள் நாட்டைக் காக்கத் துணியாதவர்கள்" என்ற பழி வருமென்றும், வாக்குரிமைக் கோரிக்கை பின்னடையுமென்றும் அஞ்சினர். தம்பியும் ஆதரித்து வாக்களிக்கவே சொன்னார். முதல் சுற்றில் ராங்கின் பதில் சொல்லவில்லை. இரண்டாம் சுற்றில் எழுந்து, தம் நாட்டின் பக்கம் நிற்க விரும்புவதாகவும், ஆனால் போருக்கு வாக்களிக்க இயலாது என்றும் கூறினார். பெயர் அழைக்கும்போது விளக்கம் சொல்லும் வழக்கம் சபையில் இல்லை. இவர் அந்த வழக்கத்தை மீறினார்.

தீர்மானம் 373க்கு 50 என நிறைவேறியது. எதிர்த்த 50 பேரில் 49 பேர் ஆண்கள். ஆளும் ஜனநாயகக் கட்சியின் சபைத் தலைவர் கிளாட் கிச்சினும் அவர்களுள் ஒருவர். ஆனால் பத்திரிகைகளின் கண் பெரும்பாலும் ராங்கின் மீதே விழுந்தது. அவர் அழுதுகொண்டே வாக்களித்தார் என்று எழுதினார்கள். இதைப் பற்றிக் கேட்டபோது, தம் கண்களிலேயே நீர் நிறைந்திருந்ததால் அவர் அழுதாரா என்று தமக்குத் தெரியவில்லை என உறுப்பினர் ஃபியொரெல்லோ லா கார்டியா சொன்னதாகக் கூறப்படுகிறது. லா கார்டியா போரை ஆதரித்து வாக்களித்தவர்.

1917 டிசம்பர்: ஓர் "ஆம்"

அதே ஆண்டு டிசம்பர் 7 அன்று ஆஸ்திரியா-ஹங்கேரி மீது போர் அறிவிக்கும் தீர்மானம் வந்தது. ராங்கின் இதை ஆதரித்து வாக்களித்தார். போர் என்பது நாடுகளுக்கிடையிலான சிக்கலைத் தீர்க்க முட்டாள்தனமான, பயனற்ற வழி என்றே தாம் இன்னும் நம்புவதாகச் சபையில் கூறினார். ஆனால் இது புதிய போருக்கான வாக்கு அன்று; ஏற்கெனவே நடக்கும் போரை நடத்துவதற்கான ஒரு நடைமுறை ஏற்பாடு மட்டுமே என்று காரணம் காட்டினார். படைக்கு ஆளும் பணமும் தரத் தாம் வாக்களித்ததையும் சுட்டிக்காட்டினார். அன்று எதிர்த்து வாக்களித்தவர் நியூயார்க்கைச் சேர்ந்த சோசலிசக் கட்சி உறுப்பினர் மேயர் லண்டன் ஒருவரே.

ராங்கினைப் போற்றும் பல கட்டுரைகளில் இந்த வாக்கு இடம்பெறுவதில்லை. போரில் இறங்குவதைத் தடுப்பது ஒன்று. இறங்கிய பின் களத்தில் நிற்கும் வீரர்களைக் கைவிடாதிருப்பது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையே அன்று ராங்கின் ஒரு கோடு போட்டார் என்று கொள்ளலாம். அந்தக் கோடு சரியான இடத்தில்தான் போடப்பட்டதா என்பது விவாதத்துக்குரியது.

பெண்கள், தொழிலாளர், குழந்தைகள்

போரைத் தவிர மற்ற சிக்கல்களிலும் ராங்கின் தெளிவான நிலைப்பாடு எடுத்தார். 1917 ஜூன் மாதம் மொன்டானாவின் பியூட் நகரச் செப்புச் சுரங்கம் ஒன்றில் ஏற்பட்ட தீ விபத்தில் 160க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டனர். அதைத் தொடர்ந்த வேலை நிறுத்தத்தில் அவர் தொழிலாளர் பக்கம் பேசினார். மாநில அரசியலில் பெருஞ்செல்வாக்குப் பெற்றிருந்த அனகோண்டா செப்பு நிறுவனத்தின் பகையைத் தேடிக்கொண்டார். அரசின் நாணயத்தாள் அச்சகத்தில் வேலை செய்த பெண்கள் அளவுக்கு மீறிய நேரம் உழைக்க வைக்கப்படுவதாக வந்த புகாரையும் எடுத்துப் போராடினார். அங்கு எட்டு மணி நேர வேலை மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

1918 ஜனவரி 10 அன்று பெண்கள் வாக்குரிமைக்கான அரசியலமைப்புத் திருத்தம் சபைக்கு வந்தது. விவாதத்தைத் தொடங்கி வைத்தவர் ராங்கின். உலகில் ஜனநாயகத்தைக் காக்கப் போருக்கு வாக்களித்த இதே காங்கிரஸ், சொந்த நாட்டுப் பெண்களுக்கு இந்தச் சிறிதளவு ஜனநாயகத்தைத் தர மறுத்தால் ஜனநாயகம் என்ற சொல்லுக்கு என்ன பொருள் சொல்வது என்று கேட்டார். திருத்தம் 274க்கு 136 என நிறைவேறியது. மூன்றில் இரண்டு பங்கு தேவைப்பட்டதால், ஆதரித்தவர்களுள் ஒருவர் மறுபக்கம் போயிருந்தாலும் அது தோற்றிருக்கும். அந்த 274 பேருள் பெண் ராங்கின் ஒருவரே. எனினும் செனட் சபை அவ்வாண்டு அதை ஏற்கவில்லை. 1919இல் காங்கிரஸ் அதை மறுபடியும் எடுத்து நிறைவேற்றியபோது ராங்கின் உறுப்பினராக இல்லை. 1920இல் அது அரசியலமைப்பின் 19ஆம் திருத்தமாயிற்று.

தாய்மார், குழந்தைகள் நலத்துக்காக அவர் 1918இல் கொண்டுவந்த மசோதாவும் அப்போது நிறைவேறவில்லை. அதே நோக்கமுடைய ஷெப்பர்ட்-டவுனர் சட்டம் 1921இல் வந்தது.

இடைப்பட்ட ஆண்டுகள்

மொன்டானா சட்டமன்றம் மாநிலத்தை இரு தொகுதிகளாகப் பிரித்தது. ராங்கினுக்கு வாய்த்தது அவர் கட்சி வலுவில்லாத பகுதி. ஆகவே 1918இல் செனட் இடத்துக்குப் போட்டியிட்டார். கட்சிக்குள் நடந்த முதல்நிலைத் தேர்தலில் தோற்றார். வேறொரு சிறு கட்சியின் சார்பில் நின்றும் மூன்றாம் இடமே பெற்றார். தோல்விக்குப் போர் வாக்கு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. தொகுதிப் பிரிப்பும், சுரங்க நிறுவனத்தின் எதிர்ப்பும் சேர்ந்தே இருந்தன.

அடுத்த இருபது ஆண்டுகள் அமைதி இயக்கங்களில் உழைத்தார். ஜார்ஜியா மாநிலத்தில் நிலம் வாங்கி, மிக எளிய வீட்டில் வாழ்ந்தார். 1940இல் 60ஆம் வயதில் மொன்டானாவில் மறுபடியும் போட்டியிட்டார். ஐரோப்பாவில் போர் மூண்டிருந்த அந்த ஆண்டில், அமெரிக்க இளைஞர்களைப் போருக்கு அனுப்பக் கூடாது என்பதையே முன்வைத்து வாக்குக் கேட்டு வென்றார்.

1941 டிசம்பர் 8: தனி ஒருவர்

1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. மறுநாள் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் போர் அறிவிக்கும்படி கேட்டார். செனட் சபை 82க்கு 0 என ஒருமனதாக இசைந்தது. பிரதிநிதிகள் சபையில் ராங்கின் பேச எழுந்தார்; சபாநாயகர் சாம் ரேபர்ன் அனுமதி தரவில்லை. வாக்கெடுப்பில் அவர் "இல்லை" என்றார். ஒரு பெண்ணாகத் தாம் போருக்குப் போக முடியாது, ஆகவே வேறு எவரையும் அனுப்ப மறுப்பதாகக் கூறினார். முடிவு 388க்கு 1.

சபைக்குள் கூச்சல் எழுந்தது. வெளியே வந்தவரைக் கூட்டம் சூழ்ந்துகொள்ள, ஒரு தொலைபேசி அறைக்குள் நுழைந்து கதவை மூடிக்கொண்டார். காவலர்கள் வந்துதான் அவரை அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றனர். மொன்டானா முழுவதும் அவருக்கு எதிராக இருப்பதாகத் தம்பி செய்தி அனுப்பினார். கன்சாஸ் மாநிலப் பத்திரிகை ஆசிரியர் வில்லியம் ஆலன் வைட், அவருடைய முடிவில் தமக்கு உடன்பாடு சிறிதும் இல்லை என்று எழுதினார். ஆனாலும் அவரைப் போல் செய்ய விரும்பிய நூறு ஆண்கள் காங்கிரசில் இருந்திருப்பார்கள், ஒருவருக்கும் துணிவில்லை என்றும் எழுதினார்.

மூன்று நாள் கழித்து, டிசம்பர் 11 அன்று, ஜெர்மனி, இத்தாலி மீது போர் அறிவிக்கும் தீர்மானங்கள் வந்தன. ராங்கின் அவற்றை எதிர்க்கவும் இல்லை, ஆதரிக்கவும் இல்லை. "இருக்கிறேன்" என்று மட்டும் பதிவு செய்தார்.

போர்த் தீர்மானங்களில் அவருடைய வாக்குகள்

1917 ஏப்ரல் 6, ஜெர்மனி: இல்லை.
1917 டிசம்பர் 7, ஆஸ்திரியா-ஹங்கேரி: ஆம்.
1941 டிசம்பர் 8, ஜப்பான்: இல்லை.
1941 டிசம்பர் 11, ஜெர்மனி, இத்தாலி: இருக்கிறேன்.

பிற்காலம்

1942 தேர்தலில் ராங்கின் போட்டியிடவில்லை. அந்த இடத்துக்கு மைக் மான்ஸ்ஃபீல்ட் தேர்ந்தெடுக்கப்பட்டார். ராங்கின் காந்தியடிகளின் அறப்போர் முறையில் ஈடுபாடு கொண்டு, 1946 முதல் 1971 வரை ஏழு முறை இந்தியாவுக்கு வந்தார். 1968 ஜனவரி 15 அன்று, வியட்நாம் போரை எதிர்த்து வாஷிங்டனில் ஆயிரக்கணக்கான பெண்கள் அவர் பெயரால் அமைந்த அணியாகத் திரண்டனர். 87 வயதில் அவரே முன்னே நடந்தார். 1973 மே 18 அன்று கலிபோர்னியாவில் காலமானார்.

மதிப்பீடு

ராங்கினின் இரு "இல்லை"களையும் ஒரே தட்டில் வைக்க இயலாது. 1917இல் அமெரிக்காவிலேயே போருக்குப் பரவலான எதிர்ப்பு இருந்தது. 50 பேர் எதிர்த்தனர். 1941இல் நாடு நேரடியாகத் தாக்கப்பட்டிருந்தது. ஐரோப்பாவின் பெரும்பகுதி ஹிட்லரின் பிடியில் இருந்தது. தாக்கப்பட்ட பின்னும் போரை மறுப்பது ஆக்கிரமிப்பாளருக்கே உதவும் என்ற வாதத்துக்கு அவர் நிறைவான விடை தந்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் 1940இல் வாக்காளரிடம் என்ன சொல்லி வாக்குக் கேட்டாரோ, அதையே 1941இல் செய்தார். மாறியது வாக்காளரின் மனநிலை. அப்போது உறுப்பினர் மக்களின் புதிய மனநிலையைப் பின்பற்ற வேண்டுமா, கொடுத்த வாக்கைக் காக்க வேண்டுமா என்பது எல்லா ஜனநாயக நாடுகளிலும் இன்றும் தீராத கேள்வி.

1985இல் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் மொன்டானா மாநிலம் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தது. போருக்குத் தம்மால் வாக்களிக்க இயலாது என்று 1917இல் அவர் சொன்ன சொற்கள் அதன் பீடத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. பீடத்தில் இடம்பெறாத மற்ற மூன்று பதில்களும் சபைப் பதிவேட்டில் அவர் பெயருடன் இருக்கின்றன.