நிறுத்திப் பார்க்கும் அதிகாரம் யாருக்கு? கணினிப் பொறி ஒன்றின் வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு செய்நிரலை இன்னொரு செய்நிரல் இடைநடுவில் நிறுத்தலாமா? நிறுத்தி, அதன் நினைவகத்தில் என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கலாமா? பார்க்கலாம் என்றால், யாருடைய அனுமதியோடு? எங்கள் பாடப்புத்தகத்தில் பணிசெயல் முறைமை பற்றிய அலகு இருக்கிறது. முறைவழி என்றால் என்ன, அது எப்போது ஓடும், எப்போது காத்திருக்கும் என்றெல்லாம் அதில் படிக்கிறோம். இந்தக் கேள்விதான் அங்கே இல்லை. இதற்கு எழுபது வருடத்துக்கும் மேலான வரலாறு உண்டு.

உயிலங்குளத்து மக்களுக்கு இதை விளக்க உதாரணம் தேடித் தூரம் போகத் தேவையில்லை. 2002 போர்நிறுத்த காலத்தில் இரு தரப்புக் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கும் இடையிலான கடவைகளில் ஒன்று எங்கள் ஊரில்தான் இருந்தது. வந்தவர் நிற்க வேண்டும். அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். பையைத் திறக்க வேண்டும். எல்லாம் சரி என்றால், விட்ட இடத்திலிருந்து பயணம் தொடரும். கணினிக்குள் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். செய்நிரலின் பாதையில் ஓர் இடத்தில் "நில்" என்ற கட்டளை வைக்கப்படும். செய்நிரல் அதை மிதித்ததும் கட்டுப்பாடு கேர்னலின் கைக்குப் போய்விடும். கேர்னல் என்பது பணிசெயல் முறைமையின் மையம், எல்லா அதிகாரமும் உள்ள பகுதி. இப்படி மிதித்து அகப்படுவதைத்தான் பொறி என்கிறோம்.

ஆரம்பத்தில் பொறியும் இல்லை, கேர்னலும் இல்லை. 1949 மே மாதம் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்ற கணினி ஓடத் தொடங்கியது. கணினி வந்த கையோடு பிழைகளும் வந்தன. ஸ்டான்லி கில் என்ற இளம் ஆய்வாளர் 1951 இல், செய்நிரல்களின் பிழைகளைக் கண்டுபிடிப்பது பற்றியே ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். அவருடைய வழி எளிமையானது. சோதிக்கப்படும் செய்நிரலை நேரடியாக ஓட விடாமல், அதன் கட்டளைகளை இன்னொரு செய்நிரல் ஒவ்வொன்றாக எடுத்து, தானே செய்துகாட்டி, என்ன நடந்தது என்பதை அச்சிட்டுக்கொண்டே போகும். வாகனத்தை ஓட விடாமல் பக்கத்தில் நின்று தள்ளிக்கொண்டு போவது போல. உண்மை தெரியும், ஆனால் வேகம் போய்விடும்.

அந்த மந்தத்தை நீக்கியது வன்பொருள். 1970 இல் வந்த பிடிபி-11 கணினியின் நிலைப் பதிவேட்டில் ஒரு தனிப் பிட் வைத்தார்கள். அதை 1 ஆக்கிவிட்டால், ஒரு கட்டளை முடிந்தவுடன் கணினி தானாகவே பொறியில் விழும். ஒவ்வோர் அடியாக நடத்திப் பார்க்கலாம். "இங்கே நில்" என்பதற்கும் தனிக் கட்டளை ஒன்று இருந்தது. 1978 இல் வந்த இன்டெல் 8086 செயலியிலும் இதே இரண்டும் உண்டு. இன்டெலின் "நில்" கட்டளை ஒரேயொரு பைட். அதன் எண் 204. ஏன் ஒரு பைட்? அந்தச் செயலியில் சில கட்டளைகள் ஒரு பைட் நீளம்தான். இரண்டு பைட் கட்டளையை அதன் மேல் எழுதினால் அடுத்த கட்டளையின் தலையும் சேர்ந்து அழிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத சின்ன முடிவுதான். இன்று வரை அதே எண்ணைத்தான் பாவிக்கிறார்கள்.

இப்போது அதிகாரக் கேள்விக்கு வருவோம். 1975 இல் வெளிவந்த யுனிக்ஸ் ஆறாம் பதிப்பில் 'பிட்ரேஸ்' என்ற கேர்னல் அழைப்பு இருந்தது. அதன் விதிகளை உற்றுப் பாருங்கள். ஒரு முறைவழியைத் தாய் முறைவழி மட்டுமே தடம்பார்க்கலாம். அதற்கும் பிள்ளை முறைவழி முதலில் "என்னைப் பார்க்கலாம்" என்று தன் வாயால் கேர்னலிடம் சொல்ல வேண்டும். பிள்ளை பொறியில் விழுந்தால் கேர்னல் அதை நிறுத்திவைத்து, தாயை எழுப்பும். தாய் கேட்பதைக் கேர்னலுக்குள் நின்று பிள்ளையே எடுத்துக் கொடுக்கும். ஒரு தடவைக்கு ஒரு சொல் அளவு நினைவகம் மட்டும். மந்தம்தான். ஆனால் உறவும் சம்மதமும் இல்லாமல் யாரும் யாருடைய பையையும் திறக்க முடியாத ஏற்பாடு அது.

இந்தக் கேர்னலை உலகுக்குப் படிப்பித்தவர் ஓர் ஆசிரியர் என்பதில் எங்களுக்குத் தனி மகிழ்ச்சி. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக விரிவுரையாளர் ஜோன் லயன்ஸ், தன் மாணவர்களுக்காக 1976 இல் யுனிக்ஸ் ஆறாம் பதிப்பின் மூல நிரலை அச்சிட்டு, பகுதி பகுதியாக விளக்கம் எழுதினார். இந்தத் தடம்பார்க்கும் பகுதிக்கும் அதில் விளக்கம் உண்டு. 1979 இல் ஏழாம் பதிப்பு வந்தபோது, மூல நிரலை வகுப்பறையில் படிப்பிக்க அனுமதிப்பத்திரம் இடம் கொடுக்கவில்லை. லயன்ஸின் குறிப்புகள் போட்டோக்கொப்பியின் போட்டோக்கொப்பியாகக் கைமாறிக் கைமாறித்தான் வாழ்ந்தன. முறையான புத்தகமாக வெளிவந்தது 1996 இல். அறிவுக்குக் கதவு மூடினாலும் ஆசை உள்ளவர் ஜன்னலால் எட்டிப் பார்ப்பார்.

பின்னர் வந்த யுனிக்ஸ் வகைகளிலும் லினக்ஸிலும் விதி தளர்ந்தது. பிள்ளை சம்மதிக்க வேண்டிய தேவை போய்விட்டது. ஒரே பயனரின் கணக்கில் ஓடும் எந்த முறைவழியையும் இன்னொன்று போய்ப் பிடித்துக்கொள்ளலாம் என்றானது. பிழை தேடுபவர்களுக்கு நல்ல வசதி. ஆனால் ஒரு விளையாட்டுச் செய்நிரலுக்குள் புகுந்த கள்ளன், பக்கத்தில் ஓடும் இன்னொரு செய்நிரலின் கடவுச்சொல்லையும் இதே வழியால் எடுக்கலாம்.

இந்த இடத்தில் கதை எங்கள் அயலுக்கு வருகிறது. 2002 இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் இந்தியப் பிரிவைச் சேர்ந்த வம்சி கிருஷ்ணா, ஓடும் லினக்ஸ் கேர்னலுக்குள்ளேயே பொறி வைத்துப் பார்க்கும் 'கேபுரோப்ஸ்' வசதியின் முதல் வடிவத்தை எழுதினார். பிரசன்னா பஞ்சமுகி, சுபர்ணா பட்டாச்சார்யா போன்றோர் அதை வளர்த்தார்கள். 2004 இல் அது லினக்ஸில் சேர்ந்தது. அடுத்து, பயனர் முறைவழிகளுக்கும் அதுபோல ஒன்று வேண்டும் என்று ஸ்ரீகர் த்ரோணம்ராஜுவும் ஜிம் கெனிஸ்டனும் உழைத்தார்கள். அதுதான் 'யூபுரோப்ஸ்'. 2012 ஜூலையில் வந்த லினக்ஸ் 3.5 இல் அது இடம்பிடித்தது.

அவர்கள் தீர்த்த சிக்கல் ஒன்றைச் சொல்ல வேண்டும். "நில்" கட்டளையை வைக்கும்போது அந்த இடத்திலிருந்த உண்மைக் கட்டளை மறைந்துவிடும். செய்நிரல் தொடர வேண்டுமென்றால் உண்மைக் கட்டளையும் நடக்க வேண்டும். பழைய வழி இது: பொறியைக் கழற்று, ஓரடி நடக்க விடு, திரும்ப மாட்டு. ஒருவருக்காகத் தடையைத் தூக்கிய அந்தக் கணத்தில் பின்னால் நின்ற நாலு பேர் சோதனை இல்லாமல் போய்விட்டால்? ஒரே செய்நிரலுக்குள் பல இழைகள் ஒன்றாக ஓடும்போது அதுதான் நடக்கும். யூபுரோப்ஸ் தடையைத் தூக்குவதே இல்லை. உண்மைக் கட்டளையின் பிரதியை வேறோர் இடத்தில் வைத்து, அங்கே ஓரடி நடத்தி, பிறகு பழைய பாதையில் கொண்டுவந்து விடுகிறது. ஒருவரும் தப்பவில்லை, ஒருவரின் பயணமும் கெடவில்லை.

அதே 2012 இல், இரண்டு மாதம் முந்தி வந்த லினக்ஸ் 3.4 இல் 'யாமா' என்ற பாதுகாப்புப் பகுதி சேர்ந்திருந்தது. அதை இயக்கினால், சாதாரண முறைவழி தன் வழிவந்த பிள்ளைகளையும், தனக்கு வெளிப்படையாக அனுமதி தந்தவர்களையும் மட்டுமே தடம்பார்க்கலாம். யூபுரோப்ஸ் போன்ற பெரிய அதிகாரம் நிர்வாகியின் கையில். அதாவது 1975 இன் பழைய ஒழுங்குக்குக் கிட்டவாக, உறவு அல்லது சம்மதம் என்பதற்கு, உலகம் சுற்றித் திரும்பி வந்தது.

பொறியைக் கையாள்வது எவ்வளவு நுட்பமான வேலை என்பதற்கு 2018 மே 8 சாட்சி. இன்டெல் வகைச் செயலிகளில், அடுக்குப் பதிவேட்டை மாற்றும் ஒரு கட்டளைக்கு உரிய பொறி உடனே விழாமல், அடுத்த கட்டளை முடிந்த பின்தான் விழும். அந்த அடுத்த கட்டளை கேர்னலுக்குள் நுழைவதாக இருந்தால், பொறி கேர்னலின் வாசற்படியில், கேர்னல் ஆயத்தமாகும் முன்னரே விழுந்துவிடும். செயலியின் கைநூலில் இது தெளிவாக இருக்கவில்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ், ஃபிரீபிஎஸ்டி எனத் தனித்தனியே எழுதப்பட்டவை எல்லாம் ஒரே இடத்தில் வழுக்கின. எல்லோருக்கும் திருத்தம் வெளியிடப்பட்டது. படிப்பிக்கும் எங்களுக்கு இதில் பெரிய பாடம் உண்டு: கைநூலில் ஒரு வரி மங்கலாக இருந்தால் கெட்டிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்தே பிழை விடுவார்கள்.

சரி, இதனால் எமக்கு என்ன?

உங்கள் கையிலிருக்கும் அன்ட்ரொயிட் தொலைபேசியின் கேர்னலும் லினக்ஸ்தான். அதில் ஒவ்வொரு செயலிக்கும் தனிப் பயனர் எண் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே ஒரு விளையாட்டுச் செயலி உங்கள் வங்கிச் செயலியை நிறுத்தி உள்ளே பார்க்கக் கேர்னல் விடாது. ஆனால் "ரூட் பண்ணித் தாறேன், எல்லாம் இலவசமாக ஓடும்" என்று யாராவது சொன்னால் அந்தக் காவலைக் கழற்றித் தருகிறார் என்று விளங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் தொலைபேசிகளையும் ஒருதரம் பாருங்கள். அவர்களிடம் கேட்டுவிட்டுப் பாருங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு சொல். லயன்ஸின் மாணவர்கள் படித்த கேர்னல் பத்தாயிரம் வரிக்கும் குறைவு. இன்றைய லினக்ஸின் மூல நிரல் எவருக்கும் திறந்திருக்கிறது. போட்டோக்கொப்பிக்கு அலையத் தேவையில்லை. 'யூபுரோப்ஸ்' கோப்பின் தலைப்பில் அதை எழுதியவர்களின் பெயர்கள் இருக்கின்றன, போய்ப் பாருங்கள். அப்படியொரு கோப்பின் தலைப்பில் மன்னார்ப் பிள்ளை ஒன்றின் பெயரும் ஒருநாள் வரட்டும், இன்ஷா அல்லாஹ்.

விளங்காத இடம் இருந்தால் கீழே கேளுங்கள். தெரிந்தவர்கள் கூட்டிச் சொல்லுங்கள்.