பன்னிரண்டு கோயில், இரண்டு வேடம்

திருவனந்தபுரத்தில் இணைய விளையாட்டு செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பல ஆயிரம் பேர் ஒரே கற்பனை உலகத்துக்குள் நுழைந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்து, கூடி ஆடும் விளையாட்டுகள். வந்தவர்கள் பாதியில் விட்டுப் போகாமல் இருக்க வழி தேடுவது என் பொறுப்பு. இந்தத் தொழிலுக்கு ஏறத்தாழ ஐம்பது வயதுதான். இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978இல் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த, வெறும் எழுத்தாலான ‘மட்’ விளையாட்டு இதற்கெல்லாம் மூத்தது.

கன்னியாகுமரி மாவட்டத்தில், எங்கள் கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் அதைவிட மிகப் பழைய ஒன்று இருக்கிறது: மாசி மாதச் சிவராத்திரியை ஒட்டி நடக்கும் சிவாலய ஓட்டம். அதை விளையாட்டு என்று சொன்னால் அம்மாவுக்குப் பிடிக்காது, அது விரதம். நானும் விரதமாகத்தான் ஓடுகிறேன். ஆனால் ஒரு கதைக்குள் ஊரே புகுந்து, அதன் பாத்திரங்களாகவே இரவு பகலாக நடமாடி, மறு வருடமும் தானாகத் திரும்பி வருவதை என் தொழில் கண்ணால் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கதை பாரதத்தை ஒட்டியது. பாதி மனிதனும் பாதி மிருகமுமான புருஷாமிருகம் தீவிர சிவபக்தன். திருமால் பெயரைக் கேட்கவே பொறுக்காது. அதை யாகத்துக்கு அழைத்துவரும்படி கண்ணன் பீமனை அனுப்புகிறான், கையில் பன்னிரண்டு ருத்திராட்சங்களைக் கொடுத்து. பீமன் ‘கோபாலா, கோவிந்தா’ என்று குரல் கொடுக்க, புருஷாமிருகம் சீறித் துரத்துகிறது. பிடிபடும் நேரத்தில் பீமன் ஒரு ருத்திராட்சத்தைக் கீழே போடுகிறான். அது லிங்கமாகிறது. புருஷாமிருகம் கோபத்தை மறந்து, குளித்துப் பூசை செய்ய உட்கார்ந்துவிடுகிறது. பீமன் மறுபடி ஓடுகிறான். இப்படிப் பன்னிரண்டு இடம்: திருமலை, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, திருநட்டாலம்.

ஓடுகிறவர்களுக்குக் கோவிந்தன்மார் என்று பெயர். காவியோ மஞ்சளோ வேட்டி, கழுத்தில் மாலை, கையில் பனையோலை விசிறி, இடுப்பில் சின்னத் துணிப்பை. சிவராத்திரிக்கு முந்தின நாள் முன்சிறைத் திருமலையில் புறப்பட்டு, நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடியும் நடந்தும் மறுநாள் நட்டாலத்தில் முடிப்பார்கள். ஒவ்வொரு கோயிலிலும் குளத்திலோ ஆற்றிலோ முங்கி, ஈர வேட்டியோடு உள்ளே போய் சாமிக்கு விசிறி வீச வேண்டும். உடனே அடுத்த ஊர்.

இதில் என்னை அசத்துவது ஒன்று. சாலையில் ‘கோவிந்தா’ என்று கூவி ஓடும்போது நாம் பீமன். குளத்தில் முங்கி லிங்கத்தின் முன்னால் நிற்கும்போது, அந்தக் கதைப்படியே, நாம் புருஷாமிருகம். துரத்தப்படுகிறவனும் துரத்துகிறவனும் ஒரே உடம்பில் பன்னிரண்டு முறை மாறி மாறி வருகிறார்கள். அரியும் சிவனும் ஒன்று என்பதை இந்த மண் போதனையாகச் சொல்லவில்லை, காலுக்குப் பழக்கிவிட்டது. ஓட்டமும் நிற்பதும் கதையிலேயே இருப்பதால், குளித்து நிற்கும் நேரம் வேடத்துக்கு வெளியே போகவில்லை.

ஓய்வு எங்கள் தொழிலில் பெரிய தலைவலி. 2004இல் வந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டின் சோதனைக் காலத்தில், நெடுநேரம் ஆடுகிறவருக்குப் பலனைக் குறைத்துப் பார்த்தார்கள். ஆடியவர்களுக்குப் பிடிக்கவில்லை. பிறகு அதையே புரட்டி, ஓய்வெடுத்து வருகிறவருக்கு இரட்டிப்புப் பலன் என்று அறிவித்தார்கள், ஏற்றுக்கொண்டார்கள். எங்கள் முன்னோர் இதற்குக் குளம் வெட்டி வைத்திருந்தார்கள்.

இடங்களின் பழமையைச் சொல்லவேண்டும். ஓட்டம் தொடங்கும் முன்சிறையின் சபையாரிடம் மாற்று நிலம் கொடுத்து இடம் வாங்கி, ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் கோயிலும், 95 சட்டர் (மாணவர்) தங்கிப் படிக்க ஒரு சாலையும் அமைத்ததை 866ஆம் ஆண்டுச் செப்பேடு சொல்கிறது. திருநந்திக்கரைக் குடைவரையில் முதலாம் ராஜராஜனின் கல்வெட்டு இருக்கிறது. கல்குளம் கோயில் நிற்பது திருவிதாங்கூரின் பழைய தலைநகரான பத்மநாபபுரத்தில். நாஞ்சில் நாடு என்று கறாராகச் சொன்னால் தோவாளையும் அகத்தீஸ்வரமும்தான். ஓட்டத்தின் பாதை அதற்கு மேற்கே. ஆனாலும் நாஞ்சில் நாட்டு வயல்காரர்களும் வந்து சேர்ந்துகொள்வார்கள்.

யார் சேரலாம் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அதை மறைத்துவிட்டு இந்த ஓட்டத்தைப் புகழ எனக்கு மனம் வராது. எங்கள் தாத்தா சின்னப் பையனாக இருந்தபோது கோவிந்தன்மாரை வயல் வரப்பில் நின்றுதான் பார்த்திருக்கிறார். குளமும் நடையும் எங்கள் சாதிக்கு இல்லை. 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூரின் சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்டார். அதற்குப் பின் வந்த சிவராத்திரிகளில் ஒன்றில் தாத்தா மாலை போட்டார். அவருக்குப் பின் அப்பா, இப்போது நான். ஒரு வழக்கம் எத்தனை காலம் நிலைத்தது என்று கணக்குப் பார்க்கிறவர்கள், அது யாரை எத்தனை காலம் வெளியே நிறுத்தியது என்பதையும் கூடவே எழுத வேண்டும்.

இணைய விளையாட்டுகளில் பழையவர்களின் சேமிப்பு ஒரு நோயாகிறது. பல ஆண்டு ஆடியவர் உச்சப் படியில் இருப்பார். புதிதாக வருகிறவர் அடிவாரத்தில் துணையில்லாமல் அலைவார், கொஞ்ச நாளில் போய்விடுவார். சிவாலய ஓட்டத்தில் சேமிப்பே கிடையாது. முப்பது வருடம் ஓடியவரும் முதல் முறை வந்த பையனும் திருமலையில் ஒரே படியில் நிற்கிறார்கள். மூத்தவருக்குக் கிடைப்பது வழிகாட்டும் பொறுப்பு மட்டும். என் முதல் ஓட்டத்தில் திக்குறிச்சி ஆற்றில் குளித்து ஏறியதும் நான் வேகம் பிடிக்க, அப்பா சொன்னார்: “யாரு முந்தினான்னு அங்க ஒருத்தனும் கேக்கமாட்டான் மக்கா. மெல்லப் போ.”

ஓடாதவர்களும் உள்ளே இருக்கிறார்கள். வீட்டு நடையில் பெஞ்சு போட்டு, நடுச்சாமத்திலும் சுக்குவெள்ளம், பானகம், மோர், கஞ்சி வைத்துக் காத்திருப்பார்கள். “கோவிந்தா, ஒரு மடக்கு குடிச்சிட்டுப் போ” என்று திற்பரப்புப் பக்கம் ஒரு பாட்டி கையைப் பிடித்து நிறுத்துவார். அவருக்கும் அது விரதம்தான். நம் இயந்திரங்கள் அனுப்பும் ‘உங்களைக் காணோமே’ என்ற தகவலையும், போன வருடம் வந்தவன் இந்த வருடம் வரவில்லையே என்று அந்தப் பாட்டி விசாரிப்பதையும் ஒரே பெயரில் அழைக்க என்னால் முடியாது.

இப்போது பைக்கிலும் காரிலும் வேனிலும் ஒரே நாளில் பன்னிரண்டு கோயிலையும் பார்த்துவிடுகிறார்கள். வயதானவர்களும் பெண்களும் குழந்தைகளும் அப்படித்தான் வரமுடிகிறது; அதை நான் குறை சொல்லவில்லை. வண்டி வந்தும் நடக்கிறவர்கள் நின்றுவிடவில்லை. 2019இல் வார்கிராஃப்டின் பழைய, மெதுவான வடிவத்தை மறுபடி திறந்தபோது கூட்டம் வரிசையில் நின்றது எனக்கு வியப்பாக இல்லை. தூரத்தைக் குறைத்தால் ஆட்கள் நிலைப்பார்கள் என்ற கணக்கு எப்போதும் சரியாக வருவதில்லை.

ஆனால் அந்த இரவில் சாலை தாங்கவில்லை. பொன்மனையிலிருந்து பன்னிப்பாகம் போகும் வழியில் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே வரும் பைக்குகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி, கோவிந்தன்மார் சரளையில் வெறுங்காலோடு நடக்கிறார்கள். ரப்பர் தோட்டங்களின் ஊடே போன பழைய குறுக்குவழிகள் சில வேலிக்குள் போய்விட்டன. ஆள் நுழையும் இடம் எது என்பது வயதானவர்களுக்குத்தான் தெரியும். ஊர்ப் பையன்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு அவர்களோடு நடந்து, அந்த வழிகளை வரைபடமாகக் குறித்து வருகிறோம். வண்டிகளைச் சிவராத்திரி அன்று விடிந்த பிறகு விடவேண்டும், மாசி பிறப்பதற்குள் குளங்களில் பாசியை வாரவேண்டும் என்று இரண்டு கோரிக்கைகளை எழுதி, பாதையில் உள்ள ஊராட்சிகளுக்குக் கொடுக்கப்போகிறோம்.