ரூபாய்க்குக் காலணா: தஞ்சை ஜில்லா போர்டு ரயில்பாதை

மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை 54 மைல் நீளத்தில் 1894-இல் திறக்கப்பட்ட மீட்டர் கேஜ் பாதை தஞ்சாவூர் ஜில்லா போர்டுக்குச் சொந்தமாக இருந்தது. சென்னை மாகாணத்தில் ஒரு ஜில்லா போர்டு தன் சொந்தப் பணத்தில் ரயில்பாதை போட்டதற்கு இதுவே முன்னோடி.

நாகப்பட்டினம்–திருச்சி பாதை 1860-களின் தொடக்கத்திலேயே ஓடத் தொடங்கியிருந்தது. 1870-களின் இறுதிக்குள் மாயவரம், கும்பகோணம் ஊர்களுக்கும் ரயில் வந்துவிட்டது. திருவாரூருக்குத் தெற்கே இருந்த ஊர்களுக்கோ மாட்டுவண்டிதான் கதி. அடைமழையில் களிமண் சாலைகள் சேறாகிவிட்டால் நெல்மூட்டையும் உப்பும் கிடந்த இடத்திலேயே கிடக்கும்.

இந்த ஊர்களை இணைக்கும் பாதைக்கான பணத்தின் பெரும்பகுதி ஒரு தனி வரியிலிருந்து வந்தது. நிலத்தீர்வையில் ரூபாய்க்கு மூன்று தம்படி, அதாவது காலணா, கூடுதலாக வசூலிக்கப்பட்டது. 64 ரூபாய் கிஸ்தி கட்டிய மிராசுதார் ரயிலுக்கென்று இன்னும் ஒரு ரூபாய் கட்டினார். லண்டன் கம்பெனிகள் போட்ட பாதைகளுக்கு இந்திய வருவாயிலிருந்து ஐந்து சதவீத வட்டி உத்தரவாதம் தரப்பட்ட காலத்தில், பெரும்பாலும் கடனை நம்பாத இந்த ஏற்பாடு சிக்கனமானது மட்டுமல்ல, நேர்மையானதும்கூட. ஆனால் ஜில்லாவெங்கும் வசூலான வரியில் ஒரு மூலைக்குத்தான் முதலில் ரயில் கிடைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

காவிரி டெல்டாவில் ஆறுகள் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகின்றன. பாதையோ வடக்கிலிருந்து தெற்கே செல்கிறது. வீரசோழன், அரசலாறு, ஓடம்போக்கி என்று ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கிடும் ஆறுகளுக்கும், அவற்றுக்கு நடுவே ஓடும் எண்ணற்ற வாய்க்கால்களுக்கும் பாலம் கட்ட வேண்டியிருந்தது. சமவெளிதானே என்று எளிதாக நினைத்துவிட முடியாத வேலை அது.

போர்டு பாதைக்கு உரிமையாளராக இருந்ததே தவிர, வண்டி ஓட்டவில்லை. அந்தப் பொறுப்பு தென்னிந்திய ரயில்வே கம்பெனியிடம் இருந்தது. 1898-இல் பேரளத்திலிருந்து பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்காலுக்கு ஒரு கிளை பிரிந்தது. முத்துப்பேட்டையோடு நின்றிருந்த பாதை 1902-இல் பட்டுக்கோட்டையையும், 1903-இன் இறுதியில் அறந்தாங்கியையும் அடைந்து 99 மைலாக நீண்டது.

பிற ஜில்லா போர்டுகளும் பின்னர் இதே வழியில் இறங்கின. 1915-இல் போத்தனூர்–பொள்ளாச்சி, 1923-இல் திருநெல்வேலி–திருச்செந்தூர் பாதைகள் அப்படி வந்தவையே. தஞ்சை போர்டின் பழைய மீட்டர் கேஜ் தண்டவாளங்கள் பிற்காலத்தில் அகலப்பாதைக்காகக் கட்டம் கட்டமாக அகற்றப்பட்டன. திருவாரூர்–காரைக்குடி அகலப்பாதைப் பணி 2019-இல் நிறைவடைந்தது.